உத்திராபதி சாமி படித்த பூனைக் கடிதம்

வலங்கைமானில் அந்த மாசி மாதம் நாற்காலிகள் வரிசையில் நின்றன. மனிதர்கள் அவற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கட்டில், ஊஞ்சல் பலகை, மாட்டு வண்டியில் படுக்கவைத்த பீரோ ஒன்று. எல்லாம் பூனை பிறாண்டியவை. கோட்டையில் பகுத்தறிவு பேசுகிறவர்கள் ஆட்சிக்கு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவர்கள் ஏறிய பஸ் இந்தப் பக்கம் வரவில்லை போலும்.

செத்துப்போன முன்னோர்கள் பூனை நகத்தால் கடிதம் எழுதுகிறார்களாம். அதைப் படிக்கத் தெரிந்தவர் உத்திராபதி சாமி ஒருவர்தான். உயிரோடு இருந்தவரை கைநாட்டு வைத்த பாட்டன்மார், செத்தபிறகு எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. சாமி படிப்பார், ஒரு மரக்கால் நெல் வாங்குவார், பிறாண்டிய இடத்தில் பூசத் திருநீறு தருவார். பூசியதும் பூனை முன்னைவிட மும்முரமாகப் பிறாண்டும். அடுத்த கடிதம் வந்துவிட்டதென்று ஜனங்கள் அடுத்த மரக்காலோடு ஓடி வருவார்கள்.

மிராசுதார் அமிர்தலிங்கத்தின் பர்மா தேக்கு நாற்காலிக்கு மட்டும் மூன்று கடிதம். மூன்றாவதைப் படிக்கச் சாமி வீட்டுக்கே வந்து, தம் பலகையைப் போட்டு உட்கார்ந்தார். ஆற்றங்கரை நிலத்தைக் குத்தகைக்கு உழுகிற கண்ணாத்தாள் செய்வினை வைத்திருக்கிறாள், அவள் நிலத்தை விட்டால்தான் நாற்காலி பிழைக்கும் என்றார். குத்தகைக்காரர் பேரைத் தாலுகா ஆபீசில் பதியலாம், பதிந்துவிட்டால் லேசில் வெளியேற்ற முடியாதென்று சட்டம் வந்திருந்த சமயம் அது. மிராசுதார் மனசில் இருந்ததைப் பூனை எவ்வளவு திருத்தமாக எழுதியிருக்கிறது பாருங்கள்!

கண்ணாத்தாள் புருஷனை இழந்தவள். அவளுக்கும் இரண்டு பெண்களுக்கும் அந்த நிலம்தான் சோறு. மிராசுதார் வீட்டுக்கு அவளை வரவழைத்து, நிலத்தை விட்டதாக எழுதிய காகிதத்தையும் மையையும் அவள்முன் நீட்டினார்கள். வாசலில் நின்ற ஊர், கட்டைவிரலை வைக்கச் சொல்லி அதட்டியது. அவள் குனிந்து நாற்காலியை மோந்து பார்த்தாள்.

“ஐயா, இது குப்பைமேனி வேரு வாசனை. வரப்புல தெனமும் புடுங்கிப் போடுறேன், எனக்குத் தெரியாதா? அந்த வேருன்னா பூனை கெறங்கிப்போவும்.”

சாமி சிரித்தார். அவள் நாற்காலியைத் தேய்த்துக் கழுவி அடுப்புச் சாம்பலைப் பூசினாள். சாமியை எழுப்பிவிட்டு, அவர் திருநீற்றை அவர் பலகையிலேயே பூசினாள். பிறகு வீட்டுப் பூனையை அவிழ்த்துவிடச் சொன்னாள்.

பூனை நாற்காலியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே பலகைக்குப் போய் மோந்து பார்த்தது, கன்னத்தைத் தேய்த்தது, புரண்டது, நகத்தை நீட்டிப் பிறாண்டத் தொடங்கியது.

“ஒங்க பாட்டன் ஒங்களுக்கே கடுதாசி போடுறாரு சாமி. படிச்சுச் சொல்லுங்க.”

சாமி கால் கழுவி வருவதாக ஆற்றுப் பக்கம் போனார். பலகையை எடுக்கக்கூடத் திரும்பவில்லை.

நாற்காலிக்கு என்ன வழி என்று மிராசுதார் மெல்லக் கேட்டார்.

“நகம் தீட்ட அதுக்கும் ஒரு எடம் வேணுமுல்லங்க. தூண்ல சாக்கைச் சுத்தி, இந்தத் திருநீத்தை அதுல பூசிவிடுங்க.”

மறுநாள் அவள் கட்டைவிரல் தாலுகா ஆபீசில், தன் பேருக்கு நேரே பதிந்தது. வீடு திரும்பினால் வாசலில் அதே நாற்காலிகள், அதே பீரோ. தாயே, எங்கள் கடிதத்தையும் படித்துச் சொல்லு என்று காலில் விழுந்தார்கள்.

அட ஜனங்களே! பூனைகூட மோந்து பார்த்துவிட்டுத்தான் பிறாண்டியது. நீங்கள் மோந்துகூடப் பார்க்காமல் விழுகிறீர்களே!