மூச்சுவிட்ட கரிசலாங்கண்ணி

மலைமேலுள்ள செம்மேட்டுச் சந்தையில் கூட்டம் குறைந்துபோனது. எல்லாரும் பச்சிலைச் சித்தரின் கொட்டகையில் நின்றார்கள். ராசிபுரத்திலிருந்து வேன் பிடித்து, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வாந்தி எடுத்துக்கொண்டே பக்தர்கள் வந்தார்கள். எதற்கு? ஒரு சாண் மஞ்சள் கரிசலாங்கண்ணித் தண்டுக்கு!

ஈரம் கண்ட இடமெல்லாம் படர்ந்து, கணுவுக்குக் கணு வேர் விட்டு, மஞ்சளாய்ப் பூக்கிற கீரை அது. பருப்புப் போட்டுக் கடையலாம். சித்தரோ, "இது மனசைப் படிக்கிற மூலிகை. நெஞ்சு சுத்தமானவங்க நட்டாத்தான் பிழைக்கும்" என்றார். அவ்வளவுதான், கீரைக்குப் பூஜை தொடங்கிவிட்டது.

சித்தர் முன்னால் மஞ்சள் துணி சுற்றிய மேடை, அதன்மேல் பித்தளைக் குடம். குடத்திலிருந்து ஆவி கிளம்பும். "மூலிகை மூச்சு விடுது!" என்பார். பட்டதாரிகளும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். மனிதக் கை படக்கூடாதாம். இடுக்கியால்தான் தண்டை எடுத்துக் கொடுப்பார். கொண்டுபோய் நட்டால் அழுகிவிடும். மனசு அழுக்கு! பரிகாரத்துக்குக் காணிக்கை வைத்தால், மறைவில் இருக்கும் வேறொரு குடத்திலிருந்து வேறு தண்டு கிடைக்கும். அது தளதளவென்று வளரும். பரிகாரம் பலித்ததாம்!

தண்டு அழுகிய புருசனோடு பெண்டாட்டி பேசவில்லை. ஆடு திருடிய காளியண்ணன் முதல் ஆளாகப் பரிகாரம் செய்துகொண்டான். செழித்த செடியை வாசலில் வைத்துக்கொண்டு ஊருக்கே நியாயம் சொன்னான்.

அதே மலையிலுள்ள எடப்புளி நாட்டுக் கலைச்செல்விக்கும் யுவராஜுக்கும் நிச்சயம் ஆகியிருந்தது. யுவராஜின் அப்பா சென்றாயன், சித்தரிடம் தண்டு வாங்கிவந்து அவளை நடச் சொன்னார். அழுகியது.

"கோவிச்சுக்காத கண்ணு, இந்தக் கண்ணாலம் வேண்டாம்" என்றார் சென்றாயன். "கீரையே உன்னை நம்பல. நாங்க எப்படி நம்பறது?"

யுவராஜ் தரையைப் பார்த்தான். தரை நன்றாகத்தான் இருந்தது.

கலைச்செல்வி அழுது தீர்த்தாள். அப்புறம் அந்தத் தண்டைப் பிடுங்கி நசுக்கிப் பார்த்தாள். தினமும் கீரை ஆய்ந்து கடைகிறவளுக்கு இது தெரியாதா? "அழுகறதுக்கு முன்னாடியே இது வெந்திருக்குது!"

"பரிகாரம் பண்ணிக்கிறேன், வாங்க மாமா" என்று அப்பனையும் மகனையும் கொட்டகைக்கு இழுத்துப் போனாள். மடியில் ஒரு நாட்டுக்கோழி முட்டை.

"சாமி, இதை மூலிகைக்குப் படைக்கிறேனுங்க" என்றாள். சித்தர் வாய் திறப்பதற்குள் முட்டை குடத்துக்குள் போய்விட்டது.

"ஐயோ, தீட்டு! எடு அதை!"

"நீங்களே கைய உட்டு எடுங்க சாமி. சுத்தமான கைதானுங்களே?"

சித்தர் இடுக்கியைத் தேடினார். அது அவள் கையில் இருந்தது.

"இன்னிக்கு எனக்கு மௌன விரதம்!" என்று சத்தமாகக் கத்தினார்.

கூட்டம் பயபக்தியோடு கால் மணி நேரம் முட்டையைக் காத்து நின்றது. கலைச்செல்வி நிதானமாக இடுக்கியால் முட்டையை எடுத்து, ஊதி, ஓட்டை உரித்தாள். வெள்ளைவெளேரென்று வெந்திருந்தது.

"மூலிகை மூச்சுல முட்டை வேகுமாங்க மாமா?"

சென்றாயன் நெடுநேரம் யோசித்தார். "அப்போ, முட்டைக்கும் மனசு அழுக்கா கண்ணு?"

யுவராஜுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. மஞ்சள் துணியைப் பிடித்து இழுத்தான். உள்ளே கரியடுப்பு கனன்றுகொண்டிருந்தது.

கலைச்செல்வி சித்தரின் தோட்டத்துக்குள் போய்ப் பச்சைத் தண்டுகளை ஒடித்து எல்லாருக்கும் கொடுத்தாள். நல்லவன் நட்ட தண்டும் வேர் விட்டது. நாலு பேரை ஏமாற்றியவன் நட்ட தண்டும் வேர் விட்டது. சித்தர், சபரீஷ் என்ற தன் சொந்தப் பெயரோடு போலீஸ் ஜீப்பில் மலை இறங்கினார்.

சென்றாயன் தலையைச் சொறிந்துகொண்டு அவள் வீட்டுக்கு வந்தார். "முகூர்த்தம் குறிச்சிரலாமா கண்ணு? கீழ்நாட்டுல ஒரு கிளி ஜோசியர்..."

"கீரை போயி இப்போ கிளியாங்க மாமா? எங்க ரெண்டு பேரையும் ஒரு வார்த்தை கேளுங்க. எங்களுக்கும் வாய் இருக்குது."

ஒரு கீரைக்கு அறிவு இருக்கிறதென்று அத்தனை பேர் நம்பினார்கள். தமக்கும் அது இருக்கிறதென்று அவர்கள் என்றைக்கு நம்பப்போகிறார்கள்?