சாக்குக்குள் நான்கு இலை

ஒருவரைப் பார்த்து "இங்கே உட்கார்" என்று சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வராது. இப்படிப்பட்டவனைத்தான் இலங்கையில் றக்வானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வாத்தியாராகப் போட்டார்கள். தகுதி, ஐந்தாம் வகுப்பு. (அதற்கு மேல் படித்தவர் அங்கே கணக்கப்பிள்ளை ஒருவர்தான். அவருக்கு வேறு வேலை இருந்தது.) அதுவரை நான் மலையில் மண்வெட்டி பிடித்தவன்.

பள்ளிக்கூடம் என்பது ஒரு தகரக் கொட்டகை. மேல் லயத்துப் பிள்ளைகள் முன்னால் இருப்பார்கள். (லயம் என்பது தோட்டத்து ஆட்களின் வரிசை வீடு, சாதிக்கு ஒன்று.) நடு லயமும் கீழ் லயமும் அதற்குப் பின்னால். கக்கூஸ் கழுவுகிறவர்களின் தனி லயத்திலிருந்து வந்த செவத்தாயியும் அவள் தம்பியும் கதவோரம். நான் வருவதற்கு முன்பே அப்படித்தான். மாற்ற எனக்குத் தைரியம் இல்லை.

ஒருநாள் இன்ஸ்பெக்டர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர்.

"என்ன மாஸ்டர், லயத்தை அப்பிடியே தூக்கிக்கொண்டு வந்து உள்ளுக்கை வைச்சிருக்கிறீர்? அடுத்த மாசமும் இப்பிடி இருந்தால் நீர் வேற வேலை பாரும்."

வேற வேலை என்றால் திரும்பவும் மண்வெட்டிதான்.

தோட்டத்து ஆட்களை மேய்க்கும் பெரிய கங்காணியின் மகன், மேல் லயத்துச் செல்லையாவை எழுப்பி வேறு இடத்தில் வைத்தால் கங்காணி என்னைத் தேடி வருவார். யாரும் கலைக்காமல் பிள்ளைகள் தாங்களாகவே கலந்துவிட்டால்? மூன்று வாரம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். தேயிலை, ரப்பர், கொய்யா, பலா நான்கிலும் கைநிறைய இலை பறித்து ஓர் அரிசிச் சாக்கில் போட்டேன். பிள்ளைகள் பார்க்காமல் கைவிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். ஒரே இலை வந்தவர்கள் ஒரு கூட்டம். பழி சாக்கின் மேல்.

செவ்வாய்க்கிழமை ஒத்திகை பார்த்தேன். நன்றாகக் கலந்துவிட்டார்கள். செல்லையாவுக்கும் செவத்தாயிக்கும் கொய்யா. இருவரும் ஒரே சிலேட்டில் பூனை வரைந்து சிரித்தார்கள். (நான் போடச் சொன்னது கூட்டல் கணக்கு.) அவளுக்கு அவ்வளவு குரல் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

சாயங்காலம் கங்காணி வந்தார்.

"ஏன் வாத்தியாரே, யாரு எங்க உக்காரணும்னு நீங்களா முடிவு பண்ணினீங்க?"

"நான் இல்லைங்க. சாக்குங்க."

"சாக்கா?"

"எலைங்க."

சாக்குக்குள் கைவிட்டு நாலு இலையையும் எடுத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். கங்காணியும் வந்து ஜன்னலோரம் நின்றார். நான் சாக்கை நீட்டினேன். பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கைவிட்டுக் கொஞ்சம் துழாவி எடுத்தார்கள். மேல் லயத்துக்கு எல்லாம் தேயிலை. நடு லயத்துக்கு ரப்பர். கீழ் லயத்துக்குக் கொய்யா. செவத்தாயிக்கும் தம்பிக்கும் பலா. லயம் பழையபடி உட்கார்ந்துவிட்டது. நான் சாக்கைக் கவிழ்த்து உள்ளே எட்டிப் பார்த்தேன். என்னத்தைத் தேடினேனோ.

"அதிர்ஷ்டம்ங்க ஐயா," என்றேன்.

இன்ஸ்பெக்டர் செவத்தாயியைக் கூப்பிட்டார். "பிள்ளை, பாக்காமல் எப்பிடி எடுத்தனி?"

"தொட்டாலே தெரியும்ங்க. தேயில ஓரம் அரம் மாதிரி இருக்கும். ரப்பரு வழுவழுன்னு இருக்கும். கொய்யாவுக்கு நரம்பு தட்டும். பலா தடிப்பா இருக்கும்." பிறந்ததிலிருந்து இலைக்குள்ளேயே வளர்ந்த பிள்ளைகள். இது எனக்கு மட்டும் தோன்றவில்லை. "நேத்து கங்காணி லயம் லயமா வந்து யாருக்கு எந்த எலைன்னு சொல்லிட்டுப் போனாருங்க. பலாவ வேற யாரும் எடுக்க மாட்டாங்கன்னாரு."

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "மாஸ்டர், இந்தப் பிள்ளையைக் கொய்யாக் கூட்டத்தோடை இருக்கச் சொல்லும். அது காணும், வேறொண்டும் வேண்டாம்."

நான் சொல்ல வேண்டியது நாலு வார்த்தை. ஜன்னலில் கங்காணி அசையவில்லை. கீழே கொட்டிய இலைகளை அள்ளிச் சாக்கில் போட்டு அவளிடம் நீட்டினேன்.

"இன்னொரு தடவ எடும்மா."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கைவிட்டாள். துழாவாமல் பலாவையே எடுத்தாள்.

அடுத்த திங்கட்கிழமை நான் மண்வெட்டியோடு மலையில் நின்றேன்.

இப்போதும் எந்த ஆட்டை விற்பது என்று நான் தயங்கினால் என் மனைவி மகனிடம் சொல்வாள். "டேய், அப்பாவுக்கு அந்தச் சாக்க எடுத்துட்டு வா." வந்தவர்கள் என்ன கதை என்று கேட்பார்கள். அவள் நடித்தே காட்டுவாள். எல்லோரும் சிரிப்பார்கள், நானும்தான். அவள் சொல்லும் கதை, நான் சாக்கைக் கவிழ்த்து எட்டிப் பார்ப்பதோடு முடிந்துவிடும். நான் அவளுக்குச் சொன்னது அவ்வளவுதான்.