புரியாதவள் வேலை

பத்திரிகை ஆபீசில் நான் கூட்டிப் பெருக்கத்தான் சேர்ந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு அங்கே வேறு என்ன வேலை? ஆசிரியர் ஐயா இன்னொன்றும் வைத்திருந்தார். அச்சுக்குப் போகும் ஒவ்வொரு செய்தியையும் நான் படித்து, புரியாவிட்டால் புரியலை என்று சொல்ல வேண்டும்.

எனக்கோ ஆம்பிளைகள் முன்னால் வாயே வராது. இடுப்பில் பிள்ளையோடு கதவோரம் நிற்பேன். ஐயா விடமாட்டார்.

"நீதிபதியம்மா, 'சாலை உட்கட்டமைப்பு மேம்பாட்டுப் பணிகள் முடுக்கிவிடப்பட்டுள்ளன'. என்ன புரிஞ்சுது?"

"ஒண்ணும் புரியலைங்கய்யா."

நிருபர் பக்கம் திரும்புவார். "ரோட்டுல குழி மூடுறாங்கன்னு எழுத உனக்குக் கை கூசுதா தம்பி? போய் எழுதிட்டு வா. அம்மா காத்திருக்காங்க."

ஒரே செய்தியை ஏழு தடவை எழுத வைப்பார். நிருபர்கள் பிள்ளைக்கு மிட்டாய் வாங்கி வந்து, "இதை மட்டும் புரிஞ்சிடுச்சுன்னு சொல்லிடுங்கக்கா" என்று கெஞ்சுவார்கள். மிட்டாயை ஐயாவே வாங்கித் தின்றுவிடுவார். "லஞ்சம் நல்லாத்தான் இருக்கு. செய்திதான் வேகலை."

அவர் ஓய்வு பெற்றதும் நிர்வாகம் விழித்துக்கொண்டது. இத்தகைய பொறுப்புமிக்க பணியைத் துடைப்பத்தோடு விட்டுவைத்தல் முறையாகாது எனக் கருதி, 'புரியாமை அலுவலர்' என்றொரு பதவியை உருவாக்கி ஆணை பிறப்பித்தது. தகுதி: முதுகலைப் பட்டம், பத்தாண்டு புரியாத அனுபவம். பழைய ஆள் என்று கருணை கூர்ந்து என்னையும் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். தேறாவிட்டால் பெருக்குகிற வேலையும் போய்விடும். இரண்டும் ஒரே பதவியாம்.

மூன்று அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள்.

"உங்களுக்குப் புரியாதுங்கிறதுக்குச் சான்றிதழ் இருக்கா?"

"அதுக்கெல்லாம் பள்ளிக்கூடத்துல தரலைங்க."

"பெயிலானதுக்கு?"

"பெயிலாகலைங்க. தம்பி பிறந்தான், பார்த்துக்க ஆளில்லை, நின்னுட்டேன்."

"அப்ப படிச்சிருந்தா புரிஞ்சிருக்கும்" என்று சந்தேகமாகக் குறித்துக்கொண்டார் ஒருவர்.

பிறகு ஒரு தாளைக் கொடுத்தார்கள். நிர்வாகத்தின் அறிக்கை. பக்கம் முழுக்க ஒரே வாக்கியம். சத்தியமாக ஒரு வரிகூடப் புரியவில்லை. அதைச் சொன்னால் போதும், வேலை எனக்குத்தான். ஆனால் நடுவில் இருந்தவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "நானே எழுதினது" என்றார்.

"நல்லா புரியுதுங்க சார்" என்றேன்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "இதுவே புரிஞ்சிடுச்சுன்னா, இந்த வேலைக்கு நீங்க லாயக்கில்லையேம்மா" என்று உண்மையான வருத்தத்தோடு முத்திரை குத்தினார்கள்.

ஐந்தாம் வகுப்புக்காரிக்கே புரிந்த அறிக்கை என்பதால் மறுநாள் அது முதல் பக்கத்தில் வந்தது. என் வீட்டுக்காரர் வாசலில் நின்று கடைசிவரை சத்தமாகப் படித்தார். அக்கம்பக்கத்தவர் கூடி நின்று கேட்டார்கள்.

"விஷயத்தோடதான் எழுதியிருக்காங்க" என்று தாளை மடித்தார்.

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும்தான்.