கமலாத்தாள் காட்டிய கறை

"இன்னுங் கொஞ்சம் கெழக்கால தள்ளி... அங்கதானுங்க. கருப்பா, உள்ளங்கை அகலத்துக்கு."

ஏணியின் ஏழாம் படியில் நின்றுகொண்டு குப்பண்ணன் டார்ச்சை அடித்தார். கொழிஞ்சாம்பாறைக்குத் தெற்கே, தென்னந்தோப்புக்கு நடுவில் அவருடைய அப்பா கட்டிய ஓட்டு வீடு அது. அறுபது வருஷத்து அடுப்புப் புகையைக் குடித்த கூரை. அதில் கருப்பாக எதைத் தேடுவது? கூரையே கருப்பாகத்தான் இருந்தது.

"இதா?"

"அதில்லீங்க."

"அப்ப இதா?"

"அட, அதுக்குப் பக்கத்துலீங்க."

பக்கத்து ஓட்டில் மயிரிழை போல ஒரு விரிசல் தெரிந்தது. குப்பண்ணனுக்குத் திக்கென்றது.

"இருக்குது புள்ள, இருக்குது. நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

வேறொரு புருஷனாக இருந்தால் 'உனக்கு வேற வேலையில்லையா' என்று இறங்கிப் போயிருப்பான். இரண்டு வருஷத்துக்கு முன்புவரை குப்பண்ணனும் அப்படிப்பட்டவர்தான். அந்த ஐப்பசியில் கமலாத்தாள் மாட்டுச் சாளையைக் காட்டி, "மொகடு நடுவுல தொங்குதுங்க, மாட்ட வெளிய கட்டுங்க" என்று மூன்று நாள் சொன்னாள். "நீ எப்பப் புள்ள இஞ்சினீருக்குப் படிச்ச?" என்று கேட்டுச் சிரித்தார். நாலாம் நாள் மழையில் சாளை விழுந்தது. நிறைசினையாக இருந்த செவலைப் பசு அடியில் கிடந்தது. அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு கமலாத்தாள் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தாள். அவரை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டித் தீர்த்திருந்தால் தேவலை என்று அவருக்கு இன்றைக்கும் தோன்றும்.

அதற்குப் பிறகு கூரை விஷயத்தில் அவள் வாக்குக்கு மறுவாக்கு இல்லை.

விரிசல் விட்ட ஓட்டை மாற்ற அவரே மேலே ஏறினார். ஒன்றை மாற்றினார். முழங்கால் பட்டு மூன்று உடைந்தன. அந்த மூன்றை மாற்றும்போது இன்னும் இரண்டு நழுவி, கீழே கழுவிக் கவிழ்த்திருந்த சோற்றுப் பானையின் மேல் விழுந்தன. சிராய்ந்த முழங்கையோடு இறங்கி வந்து, "இப்பப் பாரு" என்றார்.

கமலாத்தாள் அண்ணாந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கறை கொஞ்சம் நகந்துருக்குதுங்க. இப்ப நூல் நூலா வேற தொங்குது."

"நூலா?"

"ஒட்டடையாட்டம்."

ஒட்டடைக் கம்பை எடுத்து அன்று மத்தியானம்வரை வீடு முழுக்க அடித்தார் குப்பண்ணன். தும்மித் தும்மி மூக்கு சிவந்துபோயிற்று. சாப்பிட உட்கார்ந்தபோது கமலாத்தாள் மோர் ஊற்றினாள். தட்டுக்குப் பக்கத்தில் தரை நனைந்திருந்ததை அவர் கவனித்தார். சட்டென்று மேலே பார்த்தார். மழையே பெய்யவில்லை, அதற்குள் ஒழுகுகிறதே!

பொள்ளாச்சியில் கட்டிக்கொடுத்திருந்த மகள் யோகப்பிரியாவுக்குப் போன் போட்டார்.

"அப்பா, நானொரு வீடியோ அனுப்பறனுங்க. கூரை கெட்டுப் போறதுக்கு முன்னாடி என்னென்ன தெரியும்னு அழகாச் சொல்லிருக்கறாங்க. ஏனுங்கப்பா, அம்மா சக்கரை மாத்திரையெல்லாம் ஒழுங்காப் போடறாங்களா? டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு தீவாளிக்கே சொன்னனே."

"அதெல்லாம் பொறகு கண்ணு. எடவப்பாதி மழை எறங்கறதுக்குள்ள கூரை வேல முடியோணும். நீ மொதல்ல வீடியோவ அனுப்பு."

வீடியோவில் ஒருவர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு, "சின்ன அறிகுறியை அலட்சியம் செய்யாதீர்கள்" என்று விரலை ஆட்டினார். கறை, பூசணம், ஓட்டுச் சந்தில் ஒளி, மரத்தில் கரையான் கோடு. குப்பண்ணன் போனைக் கையில் பிடித்தபடி அறை அறையாகப் போனார். அறுபது வருஷத்து வீட்டில் எதைத் தேடினால் கிடைக்காது? எல்லாமே இருந்தன. அவள் காட்டுகிற அந்தக் கறை மட்டும்தான் அவருக்குத் தெரியவில்லை.

"என்ற கண்ணுதான் அவிஞ்சுபோச்சாட்ட இருக்குது" என்று நொந்துகொண்டு அடுத்த பஸ்ஸில் பொள்ளாச்சிக்குப் போய்ப் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். புதுக் கண்ணாடியில் உத்தரத்துப் பல்லியின் கண்கூடத் தெரிந்தது. கறை தெரியவில்லை.

கரையானை முதலில் ஒழிப்போம் என்று மருந்து வாங்கிக் கைமரத்தில் அடித்தார். பாதி மருந்து கீழே கொதித்துக்கொண்டிருந்த சாம்பாரில் இறங்கியது. சாம்பாரைக் கொண்டுபோய்த் தென்னைக்கு அடியில் குழிதோண்டிப் புதைத்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலை அவர் தோப்பில் மட்டை பொறுக்கிக்கொண்டிருந்தபோது கமலாத்தாள் வாசலிலிருந்து கூப்பிட்டாள்.

"ஏனுங்க, வெசயா வாங்க! மின்னல் வெட்டுது!"

குப்பண்ணன் வானத்தைப் பார்த்தார். வெயில் பல்லைக் காட்டியது.

"எங்க புள்ள?"

"இந்தப் பக்கமாத்தான், ஓரத்துல. பளிச்சு பளிச்சுன்னு. இதா, இன்னொருக்கா!"

முன்பொரு தடவை இப்படித்தான் இவள் பேச்சைக் கேட்டுச் சிரித்தோம் என்று நினைத்தார். ஓடிப்போய்த் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு கூரைமேல் ஏறினார். நாலு மூலையிலும் கயிற்றை இழுத்து முகட்டோட்டில் கட்டினார். மழை வரவில்லை. மூன்றாம் நாள் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்தது. தார்ப்பாய் பாய்மரம் போல உப்பி, முகட்டோடுகளைக் கையோடு பிடித்திழுத்துக்கொண்டு பக்கத்துத் தோப்புக்குப் போய்விட்டது. அன்று சாயந்தரம் நிஜமாகவே மழை பெய்தது. வீட்டில் நனையாத இடம் பரணுக்கு அடியில் மட்டுமே இருந்தது. இருவரும் அங்கே தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

"பாத்தயா, நீ அன்னைக்கே மின்னுதுன்ன" என்றார் குப்பண்ணன்.

"இந்த ஊட்ட உங்கப்பா எப்படிக் கட்டுனாரு" என்றாள் கமலாத்தாள். "என்ற கண்ணு முன்னாலயே இருண்டு போகுதுங்க." அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். சாளை விழுந்த அன்று பிடிக்காத கை அது.

"இருட்ட உடமாட்டேன் புள்ள. கடசி ஓடு வரைக்கும் கழட்டியாவது பாக்கறேன்."

எலப்புள்ளியிலிருந்து கூரை வேலைக்காரன் ஷைஜு வந்தான். ஏறினான், தட்டினான், முகர்ந்துகூடப் பார்த்தான்.

"சேட்டா, ஒண்ணாந்தரம் தேக்காக்கும். ஒரு கொழப்பமும் இல்லா. நீங்க பொட்டிச்ச ஓட்டை மட்டும் மாத்தினா போதும், மதி."

"கறை?"

"எந்தக் கறை? ஞான் ஒண்ணும் காணலியே."

"எங்கூட்டுக்காரி காட்டுனா அங்க இருக்கும்ப்பா. நான் நம்பாம ஒரு உசுரு போச்சு. இல்ல, ரெண்டு உசுரு, சினை மாடு. நீ எல்லாத்தையும் எறக்கு."

ஷைஜு மறுபடி ஏணியில் ஏறினான். இரண்டு நாளில் ஓடுகள் முழுக்க முற்றத்துக்கு வந்தன. குப்பண்ணன் ஒவ்வொன்றாகக் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, தேய்த்துக் கழுவி அடுக்கினார். பிறகு ஓடுகளைத் தாங்கியிருந்த பட்டியல் சட்டங்கள் இறங்கின. கடைசியில் கைமரங்களும் இறங்கின. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு நாலு சுவர் மட்டும் நின்றது. இத்தனை வருஷம் வெயில் பார்க்காத அறைக்குள் வெயில் கொட்டியது.

குப்பண்ணனுக்கு உடம்பெல்லாம் வலித்தது. ஆனாலும் மனசு லேசாக இருந்தது. ஒரு கடன் தீர்ந்தது போல. வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த மனைவியைக் கூப்பிட்டார்.

"வா புள்ள, வந்து பாரு. இனி உனக்கொரு பயமும் வேண்டாம்."

கமலாத்தாள் சுவரைத் தடவிக்கொண்டு வந்தாள். வாசற்படியில் கால் இடறியது. குப்பண்ணன் தாங்கிக்கொண்டு, அறையின் நடுவே கொண்டுபோய் நிறுத்தினார். சுவர்மேல் உட்கார்ந்திருந்த ஷைஜு பீடியை அணைத்துவிட்டுக் கீழே பார்த்தான்.

அவள் மெல்ல அண்ணாந்தாள். தலைக்கு மேலே வெறும் வானம். துடைத்துவிட்ட நீலம். ஒரு மேகமில்லை, ஒரு காக்கை இல்லை.

கண்ணை இடுக்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். பிறகு ஒரு பெருமூச்சு விட்டுக் கையை நீட்டிக் காட்டினாள்.

"எல்லாத்தையும் கழட்டிப்போட்டு, அந்தக் கறைய மட்டும் ஏனுங்க அப்படியே உட்டுட்டீங்க?"