அக்கா என்று அழைக்க ஆதாரம்

வாடிக்கையாளரை உறவுமுறை சொல்லி அழைக்கும் கடைக்காரர்கள் அந்த உறவுக்கு ஆதாரம் காட்ட வேண்டும் என்று பூசானில் எங்கள் வட்ட அலுவலகம் உத்தரவிட்டது. ஏமாற்று விளம்பரத்திலிருந்து மக்களைக் காக்கும் உயர்ந்த நோக்கம். மக்கள் அப்படிக் கேட்கவில்லைதான். அலுவலகம் கேட்டுக்கொண்டா எதையும் செய்கிறது?

மாட்டியவள் மிரான். என் சாவிக் கடைக்கு அடுத்தது அவளுடைய துணிக்கடை. ஒரே அறை, ஒரே கண்ணாடி. உள்ளே நுழையும் பெண்கள் எல்லோரும் அவளுக்கு அக்கா. "அக்கா, அதைக் கீழ வைங்க. அந்தக் கலர்ல காய்ச்சல்காரி மாதிரி இருப்பீங்க" என்பாள். இந்தத் திட்டு வாங்கவே பஸ் மாறி வருவார்கள்.

சோதனைக்கு அதிகாரி பியோ வந்தார். துணி பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் காட்டிக் கேட்டார்.

"இந்தம்மா உங்க அக்காவா?"

"ஆமா."

"குடும்ப உறவுச் சான்றிதழ் எங்கே?"

"அக்கான்னு கூப்பிடறதுக்கா?"

"இல்லேன்னா 'வாடிக்கையாளர் அவர்களே'ன்னு கூப்பிடுங்க. மறுபடி அக்கான்னா கடைக்குப் பூட்டுதான்."

ஒரு வாரம் மிரான் சட்டப்படி பேசினாள். "வாடிக்கையாளர் அவர்களே, இந்நிறம் தங்களுக்கு மிகவும் பொருத்தம்." 'அவர்களே' என்றபின் யாரைத் திட்டுவது? எல்லாருக்கும் எல்லாமே பொருந்தியது. அதை நம்பி ஒருத்தரும் வாங்கவில்லை.

மறுபடி பியோ வந்தபோது அவளுக்கு வாய் தவறியதோ, வேண்டுமென்றே சொன்னாளோ, தெரியாது.

"வாங்க சித்தப்பா. அந்தக் கோட்டைக் கழட்டுங்க, தோள் தொங்குது."

பியோ கழற்றிவிட்டார். அப்புறம்தான் உறைத்தது.

"நான் உங்க சித்தப்பா இல்ல."

"இல்லைங்கறதுக்குச் சான்றிதழ் இருக்கா?"

பியோ யோசித்தார். உறவு உண்டு என்றுதான் சான்றிதழ் தருவார்கள். இல்லை என்று தருவதில்லை. உறவினர் கடையை உறவினர் சோதிக்கக்கூடாது என்பதோ விதி. 'உறவு மறுக்கப்பட இயலாமையால் விலகுகிறேன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்து வந்தவரும் சித்தப்பா ஆனார். அதற்கடுத்து வந்த பெண் அதிகாரி அக்கா. கொஞ்ச நாளில் மொத்த அலுவலகமும் ஒரே குடும்பமாகி, சோதிக்க ஆளில்லாமல் போயிற்று. கடை பிழைத்தது. திட்டும் திரும்பி வந்தது.

சூசோக் பண்டிகைக்கு அந்தக் குடும்பம் முழுவதும் துணி எடுக்க வந்து வரிசையில் நின்றது. முதல் ஆள் பியோ, கையில் மனைவிக்கு எடுத்த கம்பளிச் சட்டை.

"சொந்தக்காரங்களுக்கு எவ்வளவும்மா குறைப்பே?"

மிரான் வரிசையை ஒரு முறை பார்த்தாள். மூன்றாவதாக நான் நின்றிருந்தேன். பக்கத்துக் கடை அண்ணன் நான், எனக்கில்லாத உரிமையா?

"வாடிக்கையாளர் அவர்களே," என்றாள், எங்கள் எல்லாருக்குமாகச் சேர்த்து, "விலை சட்டையிலேயே தொங்குது."