மத்தியஸ்தம் மாமாவின் ஏழு டம்ளர் மாநாடு

இரண்டு பேர் சமாதானமாக இருப்பதை மத்தியஸ்தம் மாமாவால் சகித்துக்கொள்ளவே முடியாது. அப்புறம் அவருக்கு என்ன வேலை?

எழுபதுகளில் மந்தைவெளியில் எங்கள் எதிர்வீடு அவருடையது. மாடியில் இரண்டு அறைகள். ஒன்றில் மிருதங்கம் கற்க வந்த அமெரிக்கன் டேவிட். இன்னொன்றில் இன்ஜினியரிங் படிக்க ஜோர்டானிலிருந்து வந்த யூசுப். மாமா விடுவாரா? மாடிப்படியில் 'மேற்கு – அரபு நல்லுறவு மன்றம்' என்று போர்டே மாட்டிவிட்டார். தலைவர், செயலாளர், மொழிபெயர்ப்பாளர் எல்லாம் அவரே. இருவருக்கும் இங்கிலீஷ் நன்றாகத் தெரியும். அதனால் என்ன? டேவிட்டின் இங்கிலீஷை யூசுப்புக்குத் தன் இங்கிலீஷில் பெயர்த்துச் சொல்வார். அதற்குப் பிறகு இருவருக்கும் புரியாது.

பரீட்சை சமயத்தில் டேவிட் மிருதங்கத்தை விளாச, யூசுப் சண்டைக்குப் போனான். டேவிட் உடனே 'சாரி' என்றான். அந்த ஒரு வார்த்தையை மாமா அரை மணி நேரம் விளக்கினார். யூசுப் பெட்டியைக் கட்டிவிட்டான்.

மாமாவுக்கு முகம் செத்துவிட்டது. "ஒரு வாய் காபி உள்ள போனா எல்லாம் சரியாயிடும்டா" என்று என்னிடம் சொல்லிவிட்டு, இருவரையும் கூடத்தில் உட்கார வைத்தார்.

யூசுப் குடித்துவிட்டுக் காலி டம்ளரை ஆட்டினான்.

"பாத்தியோ, இன்னும் கேக்கறான்! ஊத்துடி!"

மாமி ஊற்றினாள். குடித்தான், ஆட்டினான். மறுபடி ஊற்றினாள். அவன் ஊரில் டம்ளரை ஆட்டினால் 'போதும்' என்று அர்த்தம். ஆட்டாமல் நீட்டினால்தான் இன்னும் ஊற்றுவார்களாம். இது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது. ஊற்றியதை மிச்சம் வைக்க அவனுக்கு மனசு வரவில்லை.

ஆறாவது டம்ளரில் அவன் விழி பிதுங்கியது. டேவிட் பார்த்தான். தன் டம்ளரை மூடிக்கொண்டு 'போதும், போதும்' என்று சுத்தத் தமிழில் சொல்லியும் மாமி காதில் ஏறாமல் தவித்துக்கொண்டிருந்தவன் அவன். ஏழாவது டம்ளரை யூசுப் கையிலிருந்து வாங்கித் தானே குடித்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள் பாருங்கள், அப்படியொரு சிரிப்பு! பெட்டி திரும்ப மாடியேறியது. பரீட்சை முடியும்வரை மிருதங்கத்துக்கு உறை.

"எல்லாம் என் டிரான்ஸ்லேஷன்!" என்றார் மாமா.

"ஆமாம், என் டிகாக்‌ஷனுக்கு இதுல பங்கே இல்லை" என்றாள் மாமி.

படிப்பு முடிந்து யூசுப் ஊருக்குக் கிளம்பிய அன்று, வாசலில் டாக்ஸி நின்றது. காபியைக் குடித்து முடித்தான். டம்ளரை ஆட்டவில்லை. மாமாவைப் பார்த்து அப்படியே நீட்டினான்.

மாமா எதையும் மொழிபெயர்க்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு தானே ஊற்றினார். அவரைக் கேலி செய்தே பொழுதைப் போக்கிய நானும் ஒரு டம்ளரை எடுத்து அவரிடம் நீட்டினேன்.