டிரைவர் அண்ணனும் ஒரு சட்டி பாஸ்தாவும்

மதுரையில் கோழியை அவமானப்படுத்தியவர்கள் நிறையப் பேர் உண்டு. செக்கச்செவேலென்று சாயம் பூசிக் கண்ணாடிப் பெட்டிக்குள் தலைகீழாகத் தொங்கவிடுகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆனால் திங்கள் முதல் சனி வரை ஒரு நாள் விடாமல், பாலில் வேகவைத்து, கிரீமை ஊற்றி, பாஸ்தாவோடு சேர்த்துக் கிண்டி, முழு மனசோடு அவமானப்படுத்தியவர் எங்கள் டிரைவர் அண்ணன் ஒருவர்தான்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று இருந்திருக்கும். ரேஷன் கார்டில் தேடினால் கிடைக்கலாம். பசுமலையில் அவர் வீட்டு மாடியில் நான் குடியிருந்த காலம் முழுக்க அவர் வெறும் டிரைவர்தான். அரசு பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். கால்நடையாகப் பால் வாங்கப் போனால்கூட தெருமுனையில் கையை நீட்டிக் காட்டிவிட்டுத்தான் திரும்புவார். அவர் மனைவி திருமங்கலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். தெருவே அவரை சிஸ்டரம்மா என்று கூப்பிட்டது. டிரைவரும் கூட்டத்தோடு கூட்டமாக அப்படியே கூப்பிட்டார்.

ரிட்டையர் ஆன புதிதில் டிரைவருக்குப் பொழுது மிக நன்றாகப் போனது. காலையில் டிவி, மதியம் தூக்கம், மாலையில் மறுபடி டிவி. சிஸ்டரம்மா நாளெல்லாம் நின்றுகொண்டே வேலை பார்த்துவிட்டு, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து செருப்பைக் கழற்றும் முன்னால் சோபாவிலிருந்து ஒரு அன்பான குரல் கேட்கும்.

“வந்துட்டியா? இன்னைக்கு என்ன கொழம்பு?”

ஒரு நாள் சிஸ்டரம்மா செருப்பைக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னது எனக்கு மாடியில் கேட்டது. ஒட்டுக் கேட்கவில்லை. அவர் சொன்னது தெருவுக்கே கேட்டது.

“ஏங்க, நீங்க பஸ்ல இருந்து ரிட்டையர் ஆயிட்டீங்க. நான் அடுப்படியில இருந்து ரிட்டையர் ஆயிட்டேன். ஞாயித்துக்கெழமை சமைப்பேன். மத்த நாளு ராத்திரிக்கு நீங்க செஞ்சா சாப்பிடுறேன். இல்லன்னா தண்ணியக் குடிச்சுட்டுப் படுத்துக்கிறேன்.”

டிரைவர் முதலில் இதை வேடிக்கை என்று நினைத்தார். பிறகு பரோட்டா கடையை நம்பினார். அவர் வயிறு அந்த நம்பிக்கையை ஒரே வாரத்தில் கைவிட்டது. கடைசியில் பேத்தியின் வீடியோவைப் பார்ப்பதற்காக வாங்கிய போனை எடுத்து, அதனிடம் வாயாலேயே கேட்டார்: “ஒரே சட்டியில சமையல்.” ஒரே சட்டி என்றால் கழுவுவதும் ஒரே சட்டிதான் என்பது அவர் கணக்கு. போன் யோசித்துவிட்டு, எங்கேயோ கடல் தாண்டி ஒரு வெள்ளைக்காரப் பெண் கோழியும் பாஸ்தாவும் சேர்த்துக் கிண்டுகிற வீடியோவை எடுத்துக் கொடுத்தது. அந்தப் பெண் பேசிய இங்கிலீஷில் டிரைவருக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. அது ஒரு குறையாகவே அவருக்குத் தோன்றவில்லை.

“பாஷை எதுக்கு மாப்ள? கை என்ன செய்யுதுன்னு பாத்தாப் போதும்.”

கறிக்கடையில் போய் எலும்பில்லாத கோழி கேட்டார். கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “ஏண்ணே, வீட்ல யாருக்காச்சும் பல்லு எடுத்துருக்கா?” என்று அக்கறையோடு விசாரித்தார். காளவாசல் சூப்பர் மார்க்கெட்டில் கிரீம் கேட்டபோது அங்கிருந்த பெண், “எதுக்கு சார், மூஞ்சிக்கா?” என்றாள். “இல்லம்மா, கோழிக்கு” என்று டிரைவர் சொன்னதும் அந்தப் பெண் மேனேஜரைக் கூப்பிட்டாள்.

முதல் சமையலுக்கு நான் சாட்சி. என் மனைவிக்கு அப்போது தேனியில் வேலை. வார நாட்களில் நான் தனிக்கட்டை. ஆகவே டிரைவரின் பார்வையில் பரிசோதனைக்கென்றே மாடியில் வளர்க்கப்படும் ஆள். கீழே போனால் மனிதர் பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு அடுப்பு முன்னால் நிற்கிறார். உப்பு ஜாடியில் சாய்த்து வைத்த போனில் வெள்ளைக்காரப் பெண் சிரிக்கிறாள். டிரைவரும் சிரிக்கிறார்.

“எதுக்குண்ணே சிரிக்கிறீங்க?”

“பாப்பா சிரிச்சுச்சுல்ல. அதுவும் சமையல்ல ஒரு பகுதியா இருந்தா என்ன செய்ய?”

பாப்பா வெண்ணெயில் கோழியை வதக்கியது, இவரும் வதக்கினார். பாப்பா பூண்டைத் தட்டிப் போட்டது, இவரும் போட்டார். பாஸ்தா, பால், மிளகு, கடைசியில் கிரீம். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பிறகு பாப்பா ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டது. டிரைவரும் கண்ணை மூடிக்கொண்டார். வாழ்நாளெல்லாம் பயணிகளைப் பத்திரமாகக் கொண்டு சேர்த்த மனிதர் கண்ணை மூடியது அந்த ஒரு முறைதான். சட்டி அடிப்பிடித்துவிட்டது.

சிஸ்டரம்மா வந்தார். தட்டில் வைத்ததை ஒரு வார்த்தை பேசாமல் முழுக்கச் சாப்பிட்டார். கையைக் கழுவினார். “ம்” என்றார். போய்ப் படுத்துவிட்டார்.

அந்த “ம்” டிரைவரைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. மறுநாள் காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே மாடியேறி வந்துவிட்டார்.

“மாப்ள, அது நல்ல ம்மா, கெட்ட ம்மா?”

“சாதாரண ம் தாண்ணே.”

“இல்லய்யா. கடைசில லேசா ஏறுச்சு. மேட்டுல ஏறுற மாதிரி. நீ கவனிக்கல.”

அந்த மேட்டை நம்பி அவர் தினமும் சமைக்கத் தொடங்கினார். வேறு எதையாவது சமைக்கலாமே என்று நான் மிகப் பணிவாகக் கேட்டதற்கு, “ரூட்ட மாத்துனா டைமிங் போயிரும்” என்றார். ரூட்டைத்தான் மாற்றவில்லையே தவிர, வழியில் பல விபத்துகளை ஏற்படுத்தினார். ஒரு நாள் எலுமிச்சம்பழம் பிழிந்து பாலைத் திரியவைத்தார். ஒரு நாள் உறைப்பு போதவில்லை என்று குழம்புத் தூளைக் கொட்டினார். சட்டி முழுக்க ரோஸ் கலரில், புதிதாக வர்ணம் அடித்த கல்யாண மண்டபம் மாதிரி ஆகிவிட்டது. எல்லாவற்றையும் நான் சாப்பிட்டேன். வாடகை ஏற்றாத வீட்டுக்காரர் என்ன கொடுத்தாலும் சாப்பிடலாம்.

இந்தச் செய்தி எப்படியோ உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்த அவருடைய அண்ணன் காதுக்குப் போய்விட்டது. பெரியவர் விவசாயி. முறுக்கு மீசை. தம்பி கரண்டி பிடிக்கிறான் என்பதைக் கேட்டு, குடும்ப மானத்தைக் காப்பாற்ற உயிருள்ள ஒரு நாட்டுக்கோழியோடு பஸ் ஏறி வந்துவிட்டார்.

“ஏன்டா, வீட்ல பொம்பள இருக்கையில நீ அடுப்படில நிக்கிற? ஊருக்குள்ள எம்புட்டு கேவலம் தெரியுமா?”

டிரைவர் வெங்காயம் நறுக்குவதைக்கூட நிறுத்தவில்லை. “அண்ணே, நான் பஸ்ல அம்புட்டுப் பெரிய ஸ்டியரிங்கப் புடிச்சப்ப யாரும் கேவலம்னு சொல்லல. இது அதவிடச் சின்னக் கரண்டிதான். உக்காருங்க, சாப்பாடு ரெடி பண்ணிர்றேன்.”

பெரியவர் கொண்டுவந்த கோழியையே அடித்து அதிலேயே பாஸ்தா போட்டார். இங்கேதான் பாப்பா எச்சரிக்காத ஒரு சிக்கல் வந்தது. பாப்பா ஊர்க் கோழி கால் மணி நேரத்தில் வெந்துவிடும். உசிலம்பட்டிக் கோழி அப்படி யாருக்கும் சட்டென்று வளைந்து கொடுக்கிற ஜாதி இல்லை. அது வேகட்டும் என்று டிரைவர் கிண்டிக்கொண்டே இருக்க, கோழி வேகவில்லை, பாஸ்தா மட்டும் கரைந்து கூழாகிவிட்டது. அதை ஒரு உருண்டையாகத் தட்டில் வைத்தார். பெரியவர் முகர்ந்து பார்த்தார். ஒரு விள்ளல் வாயில் போட்டார். மீசை அசைந்தது.

“களி நல்லாருக்கேடா! தொட்டுக்கக் கருவாட்டுக் கொழம்பு வைக்கலையா?”

மூன்றாவது உருண்டையில் குடும்ப மானத்தை அவர் மறந்தே போனார். போகும்போது தம்பியின் காதருகே போய், “அடுத்த தடவ உளுந்து கொஞ்சம் சேத்துக்க” என்றார்.

இப்படியே சிரித்துக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் சிஸ்டரம்மாவுக்கு ட்யூட்டி மாறிவிட்டது. மதியம் போனால் ராத்திரிதான் வருவார். டிரைவர் மத்தியானமே சமைத்து டப்பாவில் அடைத்துக் கொடுத்தார். கிரீம் பாஸ்தா சூட்டோடு இருக்கும்வரைதான் சாப்பாடு. ஆறினால் கட்டடப் பொருள். சிஸ்டரம்மா இரண்டொரு நாள் ஸ்பூனால் பெயர்த்துப் பார்த்துவிட்டு, “குடுத்துவிடாதீங்க. நான் அங்கேயே எதாச்சும் சாப்பிட்டுக்கிறேன்” என்று சொல்லிவிட்டார்.

அந்த ‘எதாச்சும்’ ஒரு டீ என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. வார்டில் ஊசி போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே மயங்கிச் சரிந்துவிட்டாராம். பயப்பட ஒன்றுமில்லை, வெறும் வயிற்றோடு வேலை பார்த்ததுதான் காரணம் என்றார்கள். டிரைவர் போனை வைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு என்னிடம் சொன்னார்:

“கட்டியாப் போச்சுன்னு சொன்னப்பவே நான் யோசிச்சிருக்கணும் மாப்ள.”

மறுநாள் சாயங்காலம் மனிதர் காக்கிச் சட்டையோடு கிளம்பினார். கையில் வடச்சட்டி. உள்ளே வெண்ணெயில் வதக்கிய கோழி. மூடியை வைத்துத் துண்டால் இறுக்கக் கட்டியிருந்தார். தோளில் மாட்டிய பையில் பாஸ்தா, பால், கிரீம்.

“எங்கண்ணே?”

“திருமங்கலம். சூடாக் குடுக்கணும்னா அங்க போய்த்தானே செய்யணும்? சும்மாதானே இருக்க, நீயும் வா.”

நீங்கள் ஒரு சட்டிக் கோழியோடு பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? போகாதீர்கள். பூண்டு வாசனை பஸ் முழுக்கப் பரவி, பின் சீட்டில் தூங்கியவர்கள் எல்லாம் எழுந்து எந்த ஊர் வந்திருக்கிறது என்று பார்த்தார்கள். டிரைவர் மடியில் சட்டியை வைத்துக்கொண்டு, முன்னால் ஓட்டுகிற பையனுக்கு வகுப்பெடுத்தார்.

“தம்பி, பிரேக்க மெதுவா மிதி. கோழி தளும்புதுல்ல!”

அந்தப் பையன் கடுப்போடு கண்ணாடியில் பார்த்தான். முகம் மாறியது. “அண்ணே, நீங்களா! டிப்போல உங்ககிட்டதானே திட்டு வாங்கியே வேலை கத்துக்கிட்டேன்.” அவ்வளவுதான். அதன் பிறகு அந்த பஸ் கல்யாண ஊர்வலம் மாதிரிப் போனது. சைக்கிள்கள் எங்களை முந்தின. நேரத்துக்குப் போக வேண்டிய பயணிகள் எல்லோரும் கோழியின் நலனுக்காகப் பொறுத்துக்கொண்டார்கள். முழு மனதோடு என்று சொல்ல மாட்டேன்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு டீக்கடை. சாயங்கால வடை முடிந்து அடுப்பு சும்மா இருந்தது. டிரைவர் கேட்டவுடன் டீ மாஸ்டர் முடியாது என்றார். மறுபடி கேட்டதற்கும் முடியாது என்றார். “எதுத்தாப்புல வேலை பாக்குற என் வீட்டுக்காரி நேத்து பசில மயங்கி விழுந்துருச்சுப்பா” என்று டிரைவர் சொன்னதும், மாஸ்டர் எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்தார். ஆனால் பாலில் பாஸ்தா கொதிப்பதைப் பார்த்தபோது அவர் முகத்தில் வந்த வேதனையை நான் மறக்க மாட்டேன். அத்தனை வருஷம் பாலோடு வாழ்ந்த மனிதர்.

சிஸ்டரம்மா வெள்ளைச் சேலையோடு சாலையைக் கடந்து வந்தார். பெஞ்சில் உட்கார்ந்தார். வழக்கம்போலத் தட்டைக் காலி செய்தார். டிரைவர் சட்டியைக் கழுவக் கடைக்குப் பின்பக்கம் போனதும் நான் கேட்டேன்.

“நல்லாருக்காக்கா?”

அவர் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “நல்லாருக்காவா? தம்பி, எனக்குச் சின்னப் புள்ளையில இருந்து பால் வாடையே ஆகாது. கொமட்டிட்டு வரும்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அப்புறம் எப்படிக்கா தினமும்...”

“நானும் இம்புட்டு வருஷம் எத்தனையோ பேருக்கு ‘சாப்டீங்களா’ன்னு கேட்டுட்டேன். வார்டுல கேட்டேன், வீட்ல கேட்டேன். என்னைய ஒருத்தரும் கேட்டதில்ல. இந்த மனுசன் சட்டியத் தூக்கிட்டு பஸ் ஏறி வந்து கேக்குறாரு. கிரீம ஊத்துனா என்ன, பினாயில ஊத்துனா என்ன? சாப்பிட்டுர வேண்டியதுதான்.” சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார். “அவருகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. பாவம், கடைசில நல்லா வந்துருச்சுன்னு நெனச்சுட்டிருக்காரு.”

டிரைவர் ஈரச் சட்டியோடு வந்து, “உப்பு சரியா இருந்துச்சா?” என்றார்.

“இருந்துச்சு” என்றார் சிஸ்டரம்மா.

சிஸ்டரம்மா ரிட்டையர் ஆகும்வரை டிரைவர் அந்த பஸ்ஸை விடவில்லை. மழையிலும் போனார். ஸ்டிரைக் அன்று ஒரு பால் வண்டியில் ஏறிப் போனார். இதையெல்லாம் பத்திரிகையில் எழுதலாமா என்று சிஸ்டரம்மாவிடம் போனில் கேட்டேன். “தாராளமா எழுதுங்க. அவரு எங்க படிக்கப்போறாரு? அந்தப் பாப்பாவத்தான் பாத்துட்டிருக்காரு” என்று சிரித்தார்.

நான் இப்போது தேனியில் என் மனைவியோடு இருக்கிறேன். போன மாதம் ஒரு வேலையாக மதுரைக்கு வந்தேன். சாயங்காலம் ஒரு கடையில் கறிதோசை, சுக்கா, அதற்கு மேல் ஒரு ஜிகர்தண்டா என்று மூச்சு முட்டச் சாப்பிட்டுவிட்டு, ஊருக்குக் கிளம்ப வேண்டியவன் பசுமலைக்கு ஆட்டோ பிடித்தேன். கதவைத் திறந்தவர் காக்கிச் சட்டையில் இருந்தார்.

“வாய்யா மாப்ள! சாப்டியா?”

“இல்லண்ணே, காலையில இருந்து ஒண்ணுமே சாப்பிடல” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த் தட்டை எடுத்தேன்.